தனக்காகச் சேர்த்ததும் பிறருக்குக் கிடைத்ததும்: இணையப் பகிர்வுக் கருவிகளின் வளர்ச்சி, 1993–2017

இணையத்தில் பயனுள்ள பக்கம் ஒன்று கண்ணில் பட்டால் அதை இரண்டு விதமாகக் கையாளலாம். பிறகு தேடினால் கிடைக்கும்படி எங்காவது குறித்துவைக்கலாம். இல்லாவிட்டால் தெரிந்தவர்களுக்கு அப்போதே அனுப்பிவிடலாம். இன்றைய கைப்பேசிச் செயலிகள் இரண்டாவதற்கே பெரிய இடம் கொடுத்திருக்கின்றன. பகிர்வதற்கான பொத்தான் ஒவ்வொரு படத்துக்கும் காணொளிக்கும் அடியில் நிற்கிறது. போன மாதம் படித்த ஒன்றைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றாலோ படாதபாடு பட வேண்டியிருக்கிறது. இந்தக் கருவிகளின் வரலாற்றில் பின்னோக்கிப் போனால், எல்லாம் முதலாவது பழக்கத்திலிருந்து கிளைத்தவை என்று தெரிகிறது. ஒருவர் தன் ஞாபகத்துக்காக எழுதிவைத்த குறிப்பு மறைக்கப்படாமல் இருந்தது. முன்பின் அறியாத இன்னொருவருக்கு அது வழிகாட்டிற்று.

அந்த வளர்ச்சியை 1993இல் மொசைக் உலாவி வந்ததிலிருந்து 2017இல் டெலிஷியஸ் தளம் ஓய்ந்ததுவரை இக்கட்டுரை தொடர்கிறது; அதற்கு முன்னும் பின்னும் தேவையான இடங்களில் எட்டிப் பார்க்கிறது. ஃபேஸ்புக், யூடியூப் முதலிய பெருந்தளங்களின் கதை பலரால் சொல்லப்பட்டுவிட்டது. இங்கே அவை ஓரமாகத்தான் வரும். சுட்டிகளைச் சேர்க்கவும் வகைப்படுத்தவும் கைமாற்றவும் உதவிய சிறு கருவிகளே இதன் பொருள். என் கருத்து இது: ஒரு பகிர்வுக் கருவி எந்த அளவுக்குச் சேமிப்புக் கருவியாகவும் இருந்ததோ, அந்த அளவுக்கே நல்லவற்றைக் கண்டடைய உதவியது. இரண்டையும் பிரித்த பிறகு பகிர்வு பெருகியது, கண்டடைவது அரிதாயிற்று.

உலாவிக்கு முன்பும் பின்பும்

இணையம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே இந்தச் சிந்தனையைத் தெளிவாக வகுத்தவர் வனிவர் புஷ். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் அறிவியல் ஆராய்ச்சி அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர். 1945 ஜூலை அட்லாண்டிக் மாத இதழில் அவர் எழுதிய கட்டுரையில் மெமெக்ஸ் என்றொரு மேசை வருகிறது. நூல்களும் கடிதங்களும் குறிப்புகளும் நுண்படச் சுருள்களாக அதனுள் இருக்கும். படிப்பவர் ஓர் ஆவணத்தை இன்னொன்றோடு இணைத்து, அந்த இணைப்புகளின் தொடரையே ஒரு தடமாகச் சேமித்துக்கொள்வார்.

புஷ் தரும் உதாரணம் கவனிக்கத் தக்கது. சிலுவைப் போர்க் காலத்தில் துருக்கியரின் குறுவில், ஆங்கிலேயரின் நெடுவில்லைவிட ஏன் மேலாகக் கருதப்பட்டது என்று ஒருவர் ஆராய்கிறார். கலைக்களஞ்சியம், வரலாற்று நூல், பொருள்களின் மீள்திறன் பற்றிய பாடநூல் என்று தடம் போகிறது. பல ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவரோடு வேறெதையோ பேசும்போது அந்தப் பழைய தடம் நினைவுக்கு வருகிறது. அதை எடுத்து, படி ஒன்று தயாரித்து, நண்பரின் மெமெக்ஸில் சேர்த்துக்கொள்ளக் கொடுக்கிறார். சேமித்த நாளில் நண்பர் அவர் மனத்தில் இல்லை. ஆண்டுகள் கழிந்தும் எடுத்துக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவர் தன் வேலைக்கென்று ஒழுங்காக வைத்திருந்ததுதான். பின்னால் வந்த ஒவ்வொரு கருவியையும் இந்த உதாரணத்தோடு பொருத்திப் பார்த்தே நான் மதிப்பிடுகிறேன்.

டிம் பெர்னர்ஸ் லீ 1989இல் செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்த வலைத்திட்டம் 1993 ஏப்ரல் 30 அன்று உரிமக் கட்டணமின்றி எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவியில், பிடித்த பக்கங்களைக் குறித்துவைக்க ஒரு பட்டியல் இருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் உலாவி அதைப் புத்தகக்குறி ஆக்கியது. நெட்ஸ்கேப் அந்தக் குறிகளைச் சாதாரண எச்டிஎம்எல் கோப்பாக வட்டில் எழுதியது. அதுவே ஒரு வலைப்பக்கம். வழங்கியில் ஏற்றிவிட்டால் ஒருவரின் சொந்தப் பட்டியல் ஊர் பார்க்கும் பட்டியலாகிவிடும். ஏராளமானோர் அப்படிச் செய்தார்கள். தொடக்கக் கால முகப்புப் பக்கங்களில் ‘எனக்குப் பிடித்த சுட்டிகள்’ என்ற பகுதி இல்லாதவை அபூர்வம். அந்தக் கோப்பு வடிவம் இன்றும் சாகவில்லை. குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ புத்தகக்குறிகளை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைக் குறிப்பேட்டில் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயர் இருக்கும். நிறுவனம் மறைந்து இத்தனை காலம் ஆன பிறகும் அது வகுத்த கோப்பு வேலை செய்கிறது. இந்தக் கோப்பைப் பற்றிய பேச்சுக்குப் பின்னர் மறுபடி வருவோம்.

யாஹூவின் பிறப்பும் இதே வகைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் ஆய்வு மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் 1994 தொடக்கத்தில் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியலிட்டார்கள். பட்டியல் நீண்டதும் தலைப்புகளாகப் பிரித்தார்கள், தலைப்புக்குள் தலைப்பு வைத்தார்கள். 1995இல் அது நிறுவனமாயிற்று. பதிப்பாளர்கள் சம்பளத்துக்கு அமர்ந்து தளங்களை வகைப்படுத்தினார்கள். 1998இல் தொடங்கிய திறந்த அடைவுத் திட்டம், அதாவது டிமாஸ், அதே வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தது. அடைவு முறைக்கு ஓர் இயல்பான எல்லை உண்டு. அஞ்சறைப் பெட்டியில் கடுகு ஓர் அறையில்தான் இருக்க முடியும். வலைப்பக்கமோ ஒரே நேரத்தில் சமையலுக்கும் வேதியியலுக்கும் பஞ்சாப் வரலாற்றுக்கும் உரியதாக இருக்கக்கூடும். எந்த அறை என்று முடிவு செய்யும் உரிமை பதிப்பாளருக்கே இருந்தது, தேடி வரும் வாசகருக்கு இல்லை. யாஹூ தன் அடைவை 2014 இறுதியிலும் டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடின.

இடையில் 1996இல் ஐட்லிஸ்ட், 1999இல் பேக்ஃபிளிப் போன்ற தளங்கள் புத்தகக்குறிகளை இணையத்திலேயே சேமிக்கவும் விரும்பினால் பொதுவில் வைக்கவும் இடம் தந்தன. கருத்து சரியாகவே இருந்தது. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் இணைய நிறுவனங்கள் வீழ்ந்தபோது பணம் வற்றி அந்த முதல் அலை ஓய்ந்தது.

ஓடையும் திரட்டியும்

சேமித்ததைப் பார்க்க ஒவ்வொருவரின் பக்கத்துக்கும் தினமும் போய்வருவது நடக்கிற காரியமில்லை. இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை. 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் முகப்புத் தளத்துக்காக அதை வெளியிட்டது. உருவாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பிற்காலத்தில் கூகுளில் இருந்தபடி, வலைப்பக்கத்தில் உள்ளது என்னவென்று இயந்திரங்களுக்குச் சொல்லும் ஸ்கீமா திட்டத்தை முன்னெடுத்தவரும் அவரே. ஒரு தளம் தன் புதிய பக்கங்களின் தலைப்பு, சுட்டி, சுருக்கம் ஆகியவற்றை ஒரே அமைப்பில் எழுதிவைக்கும். படிப்பவரின் மென்பொருள் குறித்த இடைவெளியில் வந்து எடுத்துப்போகும். சேதி அவ்வளவுதான். தளத்துக்காரருக்குப் படிப்பவரின் பெயர் தெரிய வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை.

நெட்ஸ்கேப்பை ஏஓஎல் வாங்கிய பிறகு அந்த முகப்புத் தளத்தில் ஓடைக்கு ஆதரவு நின்றுபோனது. வடிவம் மட்டும் பிறர் கைகளில் தொடர்ந்தது. டேவ் வைனர் 2002இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டு, மறுஆண்டு அதன் உரிமையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்குக் கொடுத்தார். வடிவத்தின் நுணுக்கங்கள் குறித்துக் கடும் சண்டைகள் நடந்தன. ஆட்டம் என்ற மாற்று வடிவமே பிறந்தது. படிப்பவர்களுக்கு அந்தச் சண்டையால் பெரிய நட்டம் இல்லை, எல்லா மென்பொருளும் இரண்டையும் படித்தன.

தமிழில் இதன் விளைவு 2004 ஆகஸ்டில் வந்த தமிழ்மணம். கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் உருவாக்கிய இந்தத் திரட்டி, பதிவர்களின் ஓடைகளை ஒரே முகப்பில் கொண்டுவந்தது. அதற்கு முன் தமிழ்ப் பதிவுகளைத் தெரிந்துகொள்ள ஆர்வலர்கள் கையால் தொகுத்த பட்டியல்களே துணை. பல எழுத்தாளர்களின் தலைப்புகள் ஒரே பக்கத்தில் வர வேண்டுமென்றால் எல்லாம் ஒரே எழுத்துக் குறியீட்டில் இருக்க வேண்டும். திஸ்கி, டாப் என்று பல குறியீடுகளும் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும் விசைப்பலகைகளும் நடமாடிய காலம் அது. திரட்டியில் சேர வேண்டும் என்ற ஆசையே பலரை யூனிகோடுக்குக் கொண்டுவந்தது என்று கருத இடமிருக்கிறது. அரசாணைகளும் மாநாட்டுத் தீர்மானங்களும் செய்ததைவிட இந்த ஆசை செய்தது அதிகம் என்பேன்.

தமிழ்மணத்தின் முகப்பில் புதிய இடுகைகள் ஒரு பக்கம், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள் ஒரு பக்கம், வாசகர் பரிந்துரைத்தவை ஒரு பக்கம். வாரம் ஒரு பதிவர் நட்சத்திரமாக அறிவிக்கப்பட்டு, அந்த வாரம் முழுவதும் முகப்பில் இருப்பார். இரண்டாவது வசதியில் ஒரு சிக்கல் முளைத்தது. மறுமொழி வந்தால் இடுகை மேலே ஏறும் என்பதால், நண்பர்கள் கூடி அரட்டையடித்தே ஓர் இடுகையை முகப்பில் நிறுத்திவைத்தார்கள். பதிவர்கள் அதைக் கும்மி என்றார்கள். ஓர் எண்ணிக்கைக்கு மேல் மறுமொழி போனால் முகப்பில் காட்டுவதில்லை என்று உயரெல்லை வைக்க வேண்டிவந்தது. உலகப் பெருந்தளங்கள் பின்னாளில் சந்தித்த அதே சிக்கலைத் தமிழ் இணையம் தன் சிறிய அளவில் முன்கூட்டியே சந்தித்திருக்கிறது. எந்தச் செயலால் ஒன்று மேலே வரும் என்று தெரிந்துவிட்டால், அந்தச் செயல் தானாகவே பெருகும்.

டெலிஷியஸ்

இந்த வரலாற்றின் உச்சம் டெலிஷியஸ். ஜோஷுவா ஷாக்டர் நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் பணியாற்றியவர். மீம்பூல் என்ற கூட்டுச் சுட்டித் தளத்தை நடத்தியவர்களில் ஒருவர். அதற்கு வந்த சுட்டிகளையும் தான் கண்டவற்றையும் ஓர் உரைக்கோப்பில் சேர்த்துவந்தார். கோப்பு ஆயிரக்கணக்கான வரிகளாக வளர்ந்ததும், ஒவ்வொரு சுட்டியின் அருகிலும் ஓரிரு சொல்லைக் குறிப்பாக எழுதத் தொடங்கினார். பிறகு அதையே மக்ஸ்வே என்ற பெயரில் தன் தளமாக வெளியிட்டார். மற்றவர்களும் இப்படிச் செய்ய இடம் கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் 2003 செப்டம்பரில் பிறந்ததுதான் டெலிஷியஸ்.

அதன் பயன்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதைப் பார்க்க முடியாது. உலாவியில் ஒரு சிறு பொத்தானை வைத்துக்கொள்வோம். பக்கம் பிடித்தால் அழுத்துவோம். தலைப்பு தானாக வரும். இரண்டு வரிக் குறிப்பும் சில குறிச்சொற்களும் நாம் எழுதுவோம். அடைவு போல ஓர் அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை சொல் வேண்டுமானாலும் இடலாம், எந்தச் சொல்லும் இடலாம். சேமித்ததும் அந்தச் சுட்டியை நமக்கு முன் யாரெல்லாம் சேமித்தார்கள், என்ன குறிப்பு எழுதினார்கள், எந்தச் சொற்களை இட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். அவர்களில் ஒருவரைச் சொடுக்கினால் அவர் சேர்த்த மற்றவை விரியும். மண்பாண்டம் பற்றிய அரிய பக்கம் ஒன்றை உலகத்தில் இருவர்தான் சேமித்திருக்கிறார்கள் என்றால், அந்த இன்னொருவரின் பட்டியல் எந்தத் தேடுபொறியைவிடவும் நமக்கு நெருக்கமான வழிகாட்டி. ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனித்தனிச் செய்தியோடையும் இருந்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு அனுப்ப வேண்டுமானால், அவர் பெயரையே ஒரு குறிச்சொல்லாக இட்டால் போதும். தொடக்கத்தில் எல்லாமே பொதுவில் இருந்தன. தனியாக மறைத்துவைக்கும் வசதி பின்னால்தான் வந்தது.

இப்படி ஆளாளுக்கு இட்ட சொற்களால் எழும் வகைப்பாட்டுக்கு 2004இல் தாமஸ் வாண்டர் வால் ஃபோக்ஸானமி என்று பெயரிட்டார். நூலகர்கள் பலர் அஞ்சினார்கள்: ஒருவர் ஒருமையில் எழுதுவார், மற்றொருவர் பன்மையில் எழுதுவார், மூன்றாமவர் எழுத்துப்பிழையோடு எழுதுவார், இது குழப்பத்தில்தான் முடியும் என்று. எச்பி ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹியூபர்மன் இருவரும் டெலிஷியஸ் தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. ஒரு சுட்டியை ஏறத்தாழ 100 பேர் சேமித்த பிறகு, அதற்கு இடப்பட்ட குறிச்சொற்களின் விகிதம் பெரும்பாலும் மாறாமல் நிலைத்துவிடுகிறது. பலரும் கலந்து பேசாமலே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது, குறிச்சொற்களில் கணிசமானவை முழுக்கத் தனிப்பட்ட தேவைக்கானவை என்று அவர்கள் கண்டதுதான். ‘படிக்க வேண்டும்’, ‘என்னுடையது’ என்ற பொருள்படும் சொற்கள் ஊருக்கு எதையும் சொல்வதில்லை. சேமித்தவர்கள் பார்வையாளர்களை நினைத்து எழுதவில்லை என்பதற்கு அவை சாட்சி. யாரையும் கவர வேண்டாத நிலையில் ஒருவர் எழுதும் குறிப்புக்கு நம்பகத்தன்மை கூடுதல். விளம்பரப் பலகையை நம்பாதவர்கூட, ஒருவர் தனக்காக எழுதிய நாட்குறிப்பை நம்புவார்.

2005 டிசம்பரில் யாஹூ டெலிஷியஸை வாங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் ஃபிளிக்கரையும் வாங்கியிருந்தது. வான்கூவரில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேத்தரினா ஃபேக்கும் 2004இல் தொடங்கிய ஃபிளிக்கர், புகைப்படங்களுக்கு அதே குறிச்சொல் முறையைக் கொண்டுவந்ததோடு, படத்தைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று படைப்பாக்கப் பொதும உரிமம் வழியாக அறிவிக்கவும் வசதி தந்தது. 2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பழைய புகைப்படங்களை அங்கே ஏற்றி, பொதுமக்களைக் குறிச்சொல் இடச் சொன்னது. விக்கிப்பீடியாவில் இன்று நாம் பார்க்கும் படங்களில் பல ஃபிளிக்கர் வழியாக வந்தவை. ஆராய்ச்சியாளர்களுக்கென்று சைட்யூலைக், நேச்சர் பதிப்பகத்தின் கனோட்டியா என்ற இரு தளங்கள் 2004 இறுதியில் தோன்றி, ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் விவரங்களோடு சுட்டிகளைச் சேமிக்க உதவின. இரண்டும் பின்னர் மூடப்பட்டன. அவற்றின் வேலையை 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் வெளியிட்ட சோட்டெரோ இன்றும் செய்துவருகிறது.

2008 முடிவில் டெலிஷியஸில் 53 லட்சம் பயனர்களும் 18 கோடி தனிச் சுட்டிகளும் இருந்ததாக அந்நிறுவனம் கூறியது.

சேமிப்பிலிருந்து பிரிந்த பகிர்வு

மாற்றம் எங்கே தொடங்கிற்று? 2004 இறுதியில் வந்த டிக் தளம் சுட்டிகளை வாக்குக்கு விட்டது. வாக்குப் பெற்றது முகப்புக்கு வரும், சில மணி நேரத்தில் கீழே இறங்கி மறையும். அங்கே சேமிக்க எதுவுமில்லை. இந்த நேரத்தில் எது சூடு என்பதே கேள்வி. ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் விருப்பப் பொத்தானை அறிமுகப்படுத்தி, 2010 ஏப்ரலில் அதை வெளித்தளங்களுக்கும் திறந்தது. குறிப்பு எழுத வேண்டாம், சொல் தேட வேண்டாம், ஒரு தட்டு போதும். தட்டியவர் அதே பக்கத்தை ஆறு மாதம் கழித்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும் என்பதைப் பற்றி அந்தப் பொத்தானுக்குக் கவலையில்லை.

ட்விட்டரில் குறிச்சொல்லின் பயணம் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா, சொல்லுக்கு முன் எண்குறி இட்டுப் பேச்சுகளைத் திரட்டலாம் என்று யோசனை சொன்னார். அந்த அக்டோபரில் சான் டியாகோ காட்டுத்தீயின்போது அது பயன்பட்டுப் பரவியது. டெலிஷியஸில் குறிச்சொல் பிற்பாடு எடுப்பதற்கான பிடி. ட்விட்டரில் அது நடந்துகொண்டிருக்கும் கூட்டத்தில் போய்ச் சேரும் வாசல்.

இரண்டின் வேறுபாட்டைச் சென்னை தன் உடம்பில் அனுபவித்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். படகு வேண்டும், பால்மாவு வேண்டும், முதியவர் மாடியில் சிக்கியிருக்கிறார் என்று எண்குறிச் சொற்களின் கீழே வேண்டுகோள்கள் குவிந்தன. அந்த வேகம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மீட்கப்பட்டுவிட்டவரின் முகவரியும் மறுபடி மறுபடி பகிரப்பட்டது. எது பழையது, எது புதியது என்று அந்த வெள்ளத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. தன்னார்வலர்கள் வேண்டுகோள்களை எடுத்து, தொலைபேசியில் பேசிச் சரிபார்த்து, எல்லாரும் திருத்தக்கூடிய விரிதாள்களில் வரிசைப்படுத்தினார்கள். அதற்கென்றே ஒரு தளமும் எழுந்தது. நீர் தேங்கிய தெருக்களைத் திறந்த தெருவரைபடத்தின் மேல் மக்களே குறித்தார்கள். பகிர்வு ஓடிய வேகத்தைப் பயனாக மாற்றியது சேமிப்பின் ஒழுங்கு. வெள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் ட்விட்டரைப் புகழ்கிறார்கள். இரவெல்லாம் விரிதாளில் உட்கார்ந்து ‘முடிந்தது’ என்று குறித்தவர்களையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

பகிர்பொத்தான்களுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 2006 முதல் லட்சக்கணக்கான தளங்களில் ஒட்டப்பட்ட ஆட்திஸ் பொத்தான், பக்கத்தைப் படிப்பவர் எதையும் பகிராவிட்டாலும் அவரது உலாவியை அடையாளம் காணும் நிரலைச் சுமந்திருந்தது. 2014இல் பிரின்ஸ்டன், லுவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னணி ஒரு லட்சம் தளங்களைச் சோதித்தபோது, 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் படம் வரைந்து உலாவியின் ரேகையை எடுக்கும் உத்தி இருந்தது; அவற்றில் பெரும்பான்மையானவற்றுக்கு ஆட்திஸ் நிரலே காரணம். ஆரக்கிள் 2016இல் அந்நிறுவனத்தை வாங்கி 2023இல் மூடியது.

கிறிஸ் வெதரெல் என்ற பொறியாளரின் பணிவாழ்க்கை இந்த மாற்றம் முழுவதையும் தொட்டுச் செல்கிறது. கூகுளில் அவர் தொடங்கிய ஓடைபடிப்பான் 2005 அக்டோபரில் கூகுள் ரீடராக வெளிவந்தது. படித்ததில் பிடித்ததை நண்பர்களுக்குக் காட்டும் வசதி பின்னர் அதில் சேர்ந்தது. பிற தளங்கள் தடுக்கப்பட்ட ஈரானில், தணிக்கைக்குத் தப்பிச் செய்தி படிக்கவும் பகிரவும் வாசகர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். ரீடரில் பகிரப்படுவது ஏற்கெனவே ஒருவர் நிதானமாகப் படித்து முடித்தது. அதே வெதரெல் பின்னர் ட்விட்டருக்குப் போய், 2009இல் வந்த மறுட்வீட் பொத்தானை உருவாக்கிய குழுவை நடத்தினார். அதற்கு முன் மறுட்வீட் செய்ய விரும்புவோர் வாசகத்தை நகலெடுத்து, முன்னால் இரண்டு எழுத்தை இட்டு, நீளம் மிஞ்சினால் சுருக்கி அனுப்புவார்கள். அந்தச் சில விநாடிகளில் ஒரு யோசனை நடக்கும். பொத்தான் அந்த விநாடிகளை இல்லாமலாக்கியது. பத்தாண்டு கழித்து ஒரு நேர்காணலில் தான் செய்ததற்கு வெதரெல் வெளிப்படையாக வருந்தினார். வரலாற்றாசிரியருக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

வாட்ஸ்அப்பின் முன்னனுப்பலில் தடமே அறுந்துபோனது. முதலில் எழுதியவர் யார், எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்பது எதுவுமில்லாமல் வாசகம் மட்டும் கைமாறுகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்த வேளையில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு முதிய பெண்மணியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. இத்தகைய கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் முன்னனுப்பிய செய்திகளுக்கு அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. வேகத்தைக் குறைத்தார்கள், அதனால் பலன் இருந்தது. அறுந்த தடம் மட்டும் இன்னும் ஒட்டவைக்கப்படவில்லை.

மூடல்களும் பெயர்ச்சியும்

2010 டிசம்பரில் யாஹூவின் உள்கூட்டப் படம் ஒன்று கசிந்தது. அதில், முடிவுக்குக் கொண்டுவரப்படும் சேவைகளின் வரிசையில் டெலிஷியஸ் இருந்தது. ஏழாண்டுகளாகச் சேர்த்தவர்கள் பதறினார்கள். அப்போது பலர் கண்டடைந்தது பின்போர்டு. மாச்செய் செக்லோவ்ஸ்கி என்ற நிரலாளர் 2009இல் தொடங்கிய இந்தத் தளம் விளம்பரம் வாங்கவில்லை. அப்போது சேர்வதற்குச் சிறு கட்டணம் இருந்தது, ஆள் கூடக்கூட அதுவும் சிறிது சிறிதாகக் கூடியது. டெலிஷியஸிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபெயர மக்களுக்குக் கைகொடுத்தது 1990களின் அந்த நெட்ஸ்கேப் கோப்பு வடிவமே.

யூடியூபை நிறுவிய சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் 2011இல் டெலிஷியஸை வாங்கி அந்தச் செப்டம்பரில் புதுப்பித்தார்கள். புதுப்பிப்பில் பழைய வசதிகள் பல உடைந்தன. குறிச்சொல்லுக்குள் சாய்கோடு இட்டுத் தேடும் முறையும் அவற்றுள் ஒன்று. இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ரசிகர் புனைகதை எழுதுவோரும் படிப்போரும். ஆயிரக்கணக்கான கதைகளை மூலநூல், கதைமாந்தர், நீளம் என்று துல்லியமாகக் குறித்துவைத்திருந்த, பெரும்பாலும் பெண்களான அந்தச் சமூகத்தைப் பொறியாளர்கள் பொருட்படுத்தியதில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று செக்லோவ்ஸ்கி கேட்டதும், அவர்கள் ஒரே கூட்டு ஆவணத்தில் பக்கம் பக்கமாகத் தேவைகளை எழுதி, தாங்களே விவாதித்து ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். அவர் அவற்றில் பலவற்றைச் செய்துகொடுத்தார். ஒரு கருவி யாருக்கு உண்மையில் பயன்படுகிறது என்பதை அதை உருவாக்கியவர் எதிர்பார்த்திராத மக்கள்தான் சொல்வார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

பலமுறை கைமாறிய டெலிஷியஸை 2017 ஜூனில் பின்போர்டே வாங்கியது. புதிதாகச் சேமிப்பது நிறுத்தப்பட்டது. கூகுள் ரீடரில் இருந்த பகிர்வு வசதிகள் 2011இல் கூகுள் பிளஸுக்காகப் பிடுங்கப்பட்டன. 2013 ஜூலை 1 அன்று ரீடரே மூடப்பட்டது. அதன் வாசகர்கள் தங்கள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு ஃபீட்லி முதலிய இடங்களுக்குப் போனார்கள். கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. 2007 முதல் பிறகு படிப்பதற்குச் சேமித்துவைக்க உதவிய பாக்கெட்டை, அதை வாங்கிய மொசில்லா 2025 ஜூலையில் நிறுத்தியது. சேமித்தவற்றை ஏற்றுமதி செய்துகொள்ள அதன் பிறகும் சில மாதம் அவகாசம் கொடுத்தது.

இந்த மூடல்களை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஏற்றுமதி வசதியைத்தான் என்று தோன்றுகிறது. அழகும் ஆள்கூட்டமும் அதற்குப் பிறகு. சேர்த்ததை மற்றொரு மென்பொருள் படிக்கும் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? தனக்கென எழுதிய குறிப்பு சுட்டியோடு சேர்ந்தே வருகிறதா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலியவற்றில் சேமித்தவை பெரும்பாலும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே பொருள்படும். மாஸ்டடான் போன்ற சமூகத் தளங்கள் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது. ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பின்தொடர்வோரோடு பெயர அதில் வழியுண்டு. பழைய இடுகைகள் கூட வருவதில்லை.

தமிழ்த் திரட்டிகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். பதிவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி பிளாகர், வேர்ட்பிரஸ் வழங்கிகளில் இன்னும் கிடக்கிறது. சிதைந்தவற்றில் ஓரளவு இணைய ஆவணகத்தின் வேபேக் எந்திரத்தில் கிடைக்கிறது. எந்த இடுகை எந்த நாளில் முகப்புக்கு வந்தது, யார் எதைப் பரிந்துரைத்தார்கள், எந்த வாரம் யார் நட்சத்திரம், எந்தச் சொற்களின் கீழ் இடுகைகள் வகைப்படுத்தப்பட்டன என்பது இடுகைகளில் இருக்காது. திரட்டியின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். 2004க்குப் பிந்தைய பத்தாண்டில் தமிழ் உரைநடையும் அரசியல் விவாதமும் எப்படி மாறின என்று எழுத முற்படும் ஆய்வாளருக்கு அந்தத் தரவு, 19ஆம் நூற்றாண்டு இதழ்களின் சந்தாதாரர் பட்டியலுக்கு நிகரான மூலம். தமிழ்மணத்தையும் அதன் பின் வந்த பிற திரட்டிகளையும் நடத்தியவர்கள் தம்மிடமுள்ள தரவுத்தள நகல்களை, தனியாள் விவரங்களை நீக்கி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ நூலகம் நிறுவனத்திலோ ஒப்படைக்கலாம். பழைய வட்டுகள் பழுதாகும் முன், அவற்றின் அமைப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் உடனிருந்து விளக்கும் காலத்திலேயே இது நடக்க வேண்டும்.